சுடாத தகடு

அன்றைக்குத் தகடு சுடவில்லை.

தீப்பெட்டியை விடச் சிறிய உலோகத் தகடு அது. முன்கையில் வைத்துப் பட்டியால் கட்டி மெஷினைத் தட்டிவிட்டால் மெல்ல மெல்லச் சூடேறும்; தோல் வேகாது, ஆனால் உயிர் போய் உயிர் வரும். சோதனைக்கு வருகிறவர்கள் எவ்வளவு வலிக்கிறதென்று ஒரு குமிழைத் திருகிக் காட்ட, திரையில் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண் தெரியும். அடுத்தவர் கையில் வைக்கும் முன் தன் கையில் வைத்துப் பார்க்காமல், சோதனையை நடத்தும் அவள் வேலையைத் தொடங்கியதே இல்லை. வயிற்றில் பிள்ளையோடு இதெல்லாம் கூடாதென்று ஆய்வுக்கூடத்து டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "நான் தாங்காத சூட்டை ஊரான் பிள்ளைக்கு எப்படி சார் வைக்கிறது?" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள். அவளுக்கு எண் எப்போதும் அறுபதில் நிற்கும். அன்றைக்குப் பத்தைத் தாண்டவில்லை.

"அண்ணா, மெஷின் மக்கர் பண்ணுது. கொஞ்சம் பாருங்க."

கருவிகளைப் பழுதுபார்க்கும் மெஷின் அண்ணன் வந்து தகட்டைத் தன் கையில் கட்டிக்கொண்டார். அடுத்த நொடி துள்ளிக் குதித்தார்.

"அம்மாடியோவ்! இதுவா மக்கர் பண்ணுது? என்னைப் பொசுக்கிப் பாக்கணும்னு எத்தனை நாளா ஆசை உனக்கு?" கையை ஊதிக்கொண்டே சிரித்தார். "நீ ஐஸ் வாளிக்குள்ள கையை விட்டுக்கிட்டு உக்காந்திருந்தியோ என்னவோ!"

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் புரிகிற கேலி அது. ஒரு கையை ஐஸ் தண்ணீரில் முக்கிவைத்து மறுகையில் சூடு வைத்தால், சூட்டின் வலி சட்டென்று குறைந்துவிடும். பெரிய வலி ஒன்று இருக்கும்போது உடம்பு சின்ன வலியை அமுக்கிவிடுகிறது. வாளியிலிருந்து கையை எடுத்துவிட்டால் எண் பழையபடி ஏறிவிடும். அதை அளப்பதுதான் அங்கே வேலை. தாங்க முடியாதவர்கள் மேசையை மூன்று முறை தட்டினால் போதும், உடனே நிறுத்திவிடுவாள். 'போதும்' என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீராதி வீரர்களுக்காக டாக்டர் செய்த ஏற்பாடு.

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த வாளியைப் பார்த்தாள். காய்ந்துபோய்க் கவிழ்ந்து கிடந்தது.

அண்ணன் பக்கத்து அறைக்குப் போன பிறகு, ஜன்னலே இல்லாத அந்த அறையில், ஐஸ் பெட்டி உறுமுவதையும் குழல்விளக்கு ஙொய்யென்று இரைவதையும் கேட்டபடி, ஸ்பிரிட் நெடியில் தகட்டை மறுபடி கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தன் உடம்பில் எங்கே வலிக்கிறதென்று தலையிலிருந்து கால்வரை ஒவ்வொரு இடமாகத் தேடினாள். பல் வலிக்கவில்லை. வீங்கிய பாதம் வலிக்கவில்லை. மாதக்கணக்காகப் பாடாய்ப் படுத்திய இடுப்புவலிகூடக் காலையிலிருந்து இல்லை. கொதிக்கக் கொதிக்க டீ குடித்தும் நாக்கு சுடவில்லையே, அதுவும் இப்போதுதான் உறைத்தது. அப்பாடா, இன்றைக்காவது விட்டதே என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்.

அப்படியானால் அந்தப் பெரிய வலி எங்கே?

தட்.

உள்ளேயிருந்து. விலாவுக்குக் கீழே.

தட். தட்.

பிள்ளை உதைப்பது அவளுக்குப் புதிதல்ல. உதைக்கும், புரளும், நெளியும், ஒரு ஒழுங்கில் இருக்காது. இது அப்படியில்லை. மூன்று முறை. ஓர் இடைவெளி. மறுபடியும் மூன்று.

அந்த உடம்பில் அவள் மட்டும் இல்லையே.

கையில் கட்டியிருந்த தகட்டைப் பிடுங்கினாள். மெஷினை அணைத்தாள். பிளக்கையே உருவி எறிந்தாள். நிறுத்திவிட்டேன் கண்ணே, நிறுத்திவிட்டேன்.

தட். தட். தட்.

ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, இரண்டு முறை கைநழுவவிட்டு, இதுவும் தங்காவிட்டால் நான் உயிரோடு இருந்து என்ன பயன் என்று அழுது பெற்ற வரம் அது. போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, உடனே வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க."

"என்னம்மா ஆச்சு? வலிக்குதா?"

"வலிக்கல."

"அப்புறம் என்ன?"

"எதுவுமே வலிக்கலைங்க. அதான் பயமா இருக்கு."

சத்தம் கேட்டு ஓடிவந்த மெஷின் அண்ணனிடம் மறுபடியும் பிளக்கை மாட்டச் சொன்னாள். உள்ளே இருப்பதன் வலி ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல அவளுக்கு அந்தத் தகட்டை விட்டால் வேறு நாதியில்லை. தகட்டைக் கட்டினாள். தோல் செக்கச்செவேலென்று சிவந்தது. குமிழ் அசையவில்லை.

"பூஜ்யமா? என்னம்மா இது?"

"இருங்கண்ணா. பேசாதீங்க."

தட்தட்தட். தட்தட்தட். இடைவெளியே இல்லை. சட்டைத் துணி அந்த இடத்தில் துள்ளுவதை அண்ணனும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கேலியெல்லாம் வடிந்துவிட்டது.

பிறகு மெல்ல ஓர் எரிச்சல்.

விரல் குமிழைத் திருகியது. ஐந்து. இருபது.

"ஏறுதும்மா!"

நாற்பது. அவளுக்கு அழுகை பொங்கியது. ஏறட்டும். இங்கே ஏறினால் அங்கே குறைகிறதென்று அர்த்தம். எரியட்டும், நன்றாக எரியட்டும்.

அறுபது.

"சுடுதுண்ணா! நல்லா சுடுது!" அழுதபடி சிரித்தாள்.

"பாத்தியா, பழையபடி வந்திடுச்சு! வீணா பயந்து என்னையும் பயமுறுத்திட்டியே." அண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

இடுப்பும் வலித்தது. பாதமும் வலித்தது. எல்லா வலியும் வந்துவிட்டது.

அறை அமைதியாக இருந்தது. ஐஸ் பெட்டி. குழல்விளக்கு. வேறு சத்தமே இல்லை. விலாவுக்குக் கீழேயும்.

அவள் சிரிப்பு நின்றது.

வெளியே வண்டி ஹாரன் கேட்டது. "அதோ, அவரும் வந்துட்டாரு. தகட்டைக் கழட்டும்மா, கை சிவந்து கிடக்கு பாரு."

அவள் கழற்றவில்லை. திரையில் அறுபது அப்படியே நின்றது. சுடச்சுட, விரலை மடக்கித் தன் வயிற்றில் மூன்று முறை தட்டினாள்.

காத்திருந்தாள்.

மறுபடியும் தட்டினாள்.