பென்சிலில் எழுதிய முடிவுகள்

"ஏங்க... இது கடையா, இல்ல கடைசிப் பக்கம் மட்டும் படிக்கிற இடமா?"

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. கையிலிருந்த புத்தகம் நழுவி நனைந்த குடைமேல் விழுந்தது.

திரும்பினாள். பழைய புத்தகக் கடைக்காரன். மூக்கின்மேல் ஒரு பக்கமாகச் சரிந்து நின்ற கண்ணாடி. அதற்குப் பின்னால் கோபமா, குறும்பா என்று பிடிபடாத இரண்டு கண்கள்... வெளியே மழை மட்டும் சோவென்று கொட்டாமல் இருந்திருந்தால் அப்போதே நடையைக் கட்டியிருப்பாள்.

"ரொம்ப நாளா பார்க்கிறேன். எடுக்கிறீங்க, கடைசிப் பக்கத்தைப் புரட்டுறீங்க, முகத்தைச் சுளிச்சுட்டு வெச்சிட்டுப் போயிடுறீங்க. அப்படி என்னதாங்க தேடுறீங்க?"

"செத்துட்டாளான்னு..." வாய் முந்திக்கொண்டது.

"யாரு?"

"கதையில வர்றவ."

அவன் குனிந்து புத்தகத்தை எடுத்தான். ஒரு திருநங்கையின் கதை. அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். காது மடல் சுட்டது அவளுக்கு.

இனி மறைத்து என்ன? அவளும் திருநங்கைதான். எதிர்ச்சாரிக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணையெல்லாம் அளந்து லென்ஸ் மாட்டிக் கொடுப்பவளுக்குச் சில மாதங்களாக உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, படுத்தால் தூக்கம் இல்லை. தன்னைப்போல் ஒருத்தி நன்றாக வாழ்ந்தாள் என்று ஒரே ஒரு புத்தகம் சொன்னால் போதும்... அதற்குத்தான் இத்தனை அலைச்சல். கதைகளில் வந்தவர்களோ கடைசிப் பக்கத்துக்குள் எப்படியாவது செத்துப்போனார்கள். வாழ்க்கை வரலாறுகளோ அழுகையில் தொடங்கி ஆபரேஷனில் முடிந்தன. ஏன், எங்களுக்கெல்லாம் பல்வலி வராதா? வீட்டில் குழாய் ஒழுகாதா? எங்களைப் பார்த்து ஒருத்தனாவது அசடு வழிய மாட்டானா?

"அட்டையைத் திறங்க," என்றான் மெதுவாக. "கடைசிப் பக்கம் வரைக்கும் போக வேணாம்."

பென்சிலில் விலை எழுதியிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'சாகிறாள்.'

அடுத்ததைப் பிரித்தாள். 'சாகவில்லை. வீட்டைவிட்டுப் போகிறாள்.' இன்னொன்று. 'டாக்டர் ஆகிறாள். தனியாகத்தான் இருக்கிறாள். சந்தோஷமாக.' அதற்கும் அடுத்தது... 'பேக்கரி வைக்கிறாள். கல்யாணம். மாமியாரோடு ஓயாத சண்டை.'

மாமியார் சண்டை! களுக்கென்று சிரித்துவிட்டாள்.

மறுகணமே சிரிப்பு செத்தது. இதெல்லாம் எனக்காகவா? நாள் கணக்காக என்னை வேவு பார்த்து, நான் யார் என்று மோப்பம் பிடித்து, ஐயோ பாவம் என்று...

"உங்க பரிதாபத்தை நீங்களே வெச்சுக்கங்க!"

குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிவிட்டாள்.

மறுநாள் வேலை ஓடவில்லை. துடைத்த லென்ஸையே துடைத்தாள். வலது கண்ணுக்கு வெட்டியதை இடது பக்கம் மாட்டி, வந்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பார்வை என்னவோ தெருவைத் தாண்டித் தாண்டிப் போனது. அந்தப் பென்சில் எழுத்து... மங்கிப்போயிருந்ததே! நேற்றோ முந்தாநாளோ எழுதினால் அப்படியா மங்கும்?

குடையை எடுக்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாயங்காலம் தெருவைக் கடந்தாள்.

"அந்த எழுத்தெல்லாம் ரொம்பப் பழசு. யாருக்காக எழுதினீங்க?"

அவன் குடையை நீட்டினான்.

"எனக்காகத்தாங்க. நான் திருநம்பி. பொண்ணுன்னு சொல்லி வளர்த்தாங்க, நான் ஆம்பளைன்னு எனக்குத் தெரிஞ்சுது. கடைக்கு வர்ற புத்தக மூட்டை ஒண்ணு விடாம பிரிச்சுத் தேடுவேன், கிடைச்சதோட முடிவைக் குறிச்சு வெப்பேன். உங்களுக்காவது சாகுறதுக்கு ஒரு கதை இருக்கு. என்னை மாதிரி ஒருத்தன்... சாகுறதுக்குக்கூட ஒரு புக்குலயும் வரல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

இவனைப் போய் என்ன பேச்சுப் பேசிவிட்டேன்! கைப்பையைத் துழாவி, பொடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"கழட்டுங்க அந்தக் கண்ணாடியை. முதல் நாள்லேருந்து என் கண்ணை உறுத்துது."

திருகி, அவன் காதில் மாட்டிவிட்டாள். விரல் கன்னத்தில் பட்டது... எடுக்க மனம் வரவில்லை. இப்போது கண்ணாடி நேராக நின்றது. அந்தக் கண்களும் நேராக அவளையே பார்த்தன.

"உங்களைப் பிடிச்சிருக்குங்க," என்றான். "முடிவைப் பார்க்காம நீங்க எதையும் எடுக்க மாட்டீங்க. நம்ம கதை எப்படி முடியும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

"எனக்கும் பிடிச்சிருக்கு. நான் புக்குக்காக மட்டுமா வந்தேன்..." என்றாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த மாமியார் சண்டை... அது வருமா?"

அவன் முகம் மலர்ந்தது.

"எங்கம்மா உள்ளதான் இருக்காங்க. நேத்து உங்க குடைத் தண்ணியில கடையெல்லாம் ஈரம். துடைச்சது அவங்க. 'யாருடா அவ, வரட்டும் பேசிக்கிறேன்'னு அப்பலேருந்து திட்டிட்டு இருக்காங்க."

அவள் கண்ணில் நீர் முட்டியது. அதோடு சிரிப்பும்.

"வந்துட்டேன்னு போய்ச் சொல்லுங்க," என்றாள்.