தண்ணிக்குள் ஒரு வெள்ளைப் படி

ட்ரோன் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. வெற்றிச்செல்வி ரிமோட்டின் ஸ்டிக்கைக் கீழே தள்ளத் தள்ள, அது தண்ணீருக்கு ஓர் ஆள் உயரம் மேலே வந்ததும், சுடுமணலில் கால் வைத்த பிள்ளை மாதிரி வெடுக்கென்று மேலே ஏறிக்கொண்டது. ஏரி, குளம், கொள்ளிடம் என்று எத்தனையோ கல்யாண ஜோடிகளைப் படமெடுக்க அவள் இதைப் பறக்கவிட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட இந்தக் கழுதை இப்படிச் செய்ததில்லை.

அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி எடுத்து முடித்துவிட்டு எப்போதோ கைவிட்ட மைன்ஸ் குழி அது. நாலு பக்கமும் செங்குத்தான வெள்ளைச் சுவர், லாரி இறங்கிய பாதை மட்டும் சரிவாக வந்து தண்ணீருக்குள் போயிற்று. சாயங்கால வெயில் சுவரில் பட்டுக் கண்ணைக் கூச, அடியில் பச்சைத் தண்ணீர் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடையோடு, கறிக்கடை மேடையைக் கழுவிவிட்டதும் வருமே, அந்த வாடையும் லேசாகக் கலந்து வந்தது. ஒரு தவளை கத்தவில்லை. தண்ணீர் மேல் ஒரு தட்டான் இல்லை. செல்விக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்காத இடத்தில் வேலை செய்வது அவளுக்குப் புதிதுமில்லை.

"என்னா செல்வி, இறங்க மாட்டேங்குதா?" என்று கேட்டான் அவள் புருஷன் இளையபெருமாள். லாரி டியூப்புக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி மாமா. சென்சாரு குழம்புது."

அது உண்மைதான். ட்ரோனின் வயிற்றில் இரண்டு கண் உண்டு. கீழே தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். தரை மேல் அது பொய் சொல்லாது. தண்ணீர் மேல், பளபளப்பிலும் நிழலிலும் ஏமாந்து வாய்க்கு வந்ததைச் சொல்லும். அதை நம்பித் தாழப் பறக்கவிட்டுத் தண்ணீருக்குள் ட்ரோனைப் பறிகொடுத்தவர்கள் ஜெயங்கொண்டம் வரைக்கும் இருக்கிறார்கள். அதனால் தண்ணீர் மேல் வயிற்றுக்கண்ணை மூடிவிட்டு, சொந்தக் கண்ணை நம்பி ஓட்டுவதுதான் தொழில் வழக்கம்.

ஆனாலும் மூடுவதற்கு முன் செல்வி ஒன்றைக் கவனித்தாள். ட்ரோன் ஒரே இடத்தில்தான் நின்றது. புறப்பட்ட இடத்திலிருந்து அது கணக்கிடும் உயரம் மாறவே இல்லை. வயிற்றுக்கண் சொன்ன தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு மீட்டர். ஒன்றே முக்கால். ஒன்றரை.

திரையில் பார்த்தால், பச்சைக்கு அடியில் அகலமாக, வெளிறினாற்போல ஏதோ தெரிந்தது.

"அது பெஞ்சுக்கா," என்றான் மாப்பிள்ளை ராஜராஜன், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து. "எங்கப்பா மைன்ஸ்ல லாரி ஓட்டுனவரு. கல்லைப் படி படியாத்தான் வெட்டுவாங்க. அது மேல முட்டித் தண்ணிதான் இருக்கும். அதுல நின்னு எடுத்தா, நாங்க தண்ணி மேல நிக்கிற மாதிரியே வரும்ல?"

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க," என்றாள் பெண் நந்தினி. பாடாலூர்க்காரி. கல்யாண மருதாணி இன்னும் சிவப்பு மாறவில்லை.

"முட்டித் தண்ணிக்கு எதுக்கு நீச்சல்?"

அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மைன்ஸ் என்றால் படி, வெள்ளையாகத் தெரிந்தால் கல். செல்வியும் அப்படித்தான் நினைத்தாள். படி சுவரை ஒட்டித்தானே வரும், இது என்ன நடுக்குழியில் தனியாக இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. வெளிச்சம் போய்விடுமே என்ற நினைப்பு அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. வயிற்றுக்கண்ணை மூடினாள். ட்ரோன் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது.

"போலாம் மாமா. அது சும்மா பொய் சொல்லுது."

இளையபெருமாள் இரண்டு பேரையும் டியூப்பில் உட்காரவைத்து நீந்தித் தள்ளிக்கொண்டு போனான். பெற்றவர்களை எதிர்த்து அவனைக் கட்டிக்கொண்டவள் செல்வி. குன்னத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ, அதற்குப் பின்னால் ஓர் அறை, இவன். அவ்வளவுதான் அவளுக்கு உலகம்.

ஜோடி இறங்கி நின்றது. முட்டி வரைக்கும்தான் தண்ணீர். ராஜராஜன் கரையைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். இளையபெருமாள் கேமராவோடு கொஞ்சம் தள்ளி டியூப்பில் மிதந்தான்.

"கல்லு வெதுவெதுன்னு இருக்குங்க," என்றாள் நந்தினி. குழிக்குள் குரல் நன்றாகக் கேட்டது.

"வெயில்ல காஞ்ச கல்லு, அப்படித்தான் இருக்கும்."

தண்ணீருக்கு அடியில் எந்த வெயில் என்று செல்வி நினைத்தாள். ட்ரோனை அவர்களைச் சுற்றித் தாழப் பறக்கவிட்டுத் திரையையே பார்த்தாள். பட்டுப் புடவையின் கரை முதல் சுற்றில் தண்ணீருக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த சுற்றில் வெளியே தெரிந்தது. அதற்கடுத்த சுற்றில் கணுக்கால் தெரிந்தது, கொலுசு தெரிந்தது. அவர்கள் இடம் மாறவில்லை. தண்ணீரும் வற்றவில்லை, கரையோரம் பாதி முங்கிக் கிடந்த, நத்தை அச்சுப் பதிந்த கல் நனைந்த அளவிலேயே நனைந்திருந்தது.

விரல் தானாகப் போய் வயிற்றுக்கண்ணைத் திறந்தது.

ஒன்றேகால். ஒன்று. முக்கால்.

அது பொய் சொல்லவில்லை. முதலிலிருந்தே சொல்லவில்லை.

"மாமா, வந்துடுங்க. எல்லாரும் கரைக்கு வந்துடுங்க."

இளையபெருமாள் திரும்பிப் பார்த்தான். அவள் குரலில் என்ன கேட்டதோ, கேமராவைத் தண்ணீரில் விட்டுவிட்டு நந்தினியை நோக்கிக் கை நீட்டினான்.

வெள்ளை மடிந்தது.

சத்தமில்லாமல், ஓலைப்பாயைச் சுருட்டுகிற மாதிரி, ஓரம் மேலே எழுந்து ராஜராஜனின் இடுப்பைப் பிடித்தது. அவன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. ரத்தம் வந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது. இடுப்புக்கு மேலே இருந்தவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தான். கீழே இருந்தது நின்றபடியே இருந்தது.

நந்தினி கத்தினாள். ஒரே கத்தல். அவள் முடியைப் பிடித்திழுத்ததுபோல் தலை பின்னுக்குப் போனது, உடம்பு அதோடு போகவில்லை. பட்டு கிழிந்தது. தண்ணீர் பச்சையாக இல்லை.

இளையபெருமாள் டியூப்பிலிருந்து குதித்துக் கரையை நோக்கி நீந்தினான். ஊர்க்கிணறுகளில் எல்லாரையும் தோற்கடித்த நீச்சல். செல்வி ட்ரோனைத் தூக்கி, திரையில் மேலிருந்து பார்த்தாள். அவனுக்கு அடியில் அந்த வெளிறல் நீண்டுகொண்டு வந்தது. அவனைவிட வேகமாக. அவனுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"மாமா, கீழ. கீழ பாருங்க."

அவன் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். அப்புறம் தண்ணீருக்குள் போய்விட்டான்.

குமிழி வந்தது. நின்றது. அவள் ட்ரோனைத் தண்ணீரோடு தண்ணீராக இறக்கி, அந்த இடத்துக்கு மேலேயே நிறுத்தினாள். இறக்கை கிளப்பிய அலை சிவப்பாகத் தெறித்துக் கேமராவில் ஒட்டியது. அந்தச் சிவப்பின் வழியாகத்தான் பார்த்தாள். வெள்ளை மேலே வந்துகொண்டிருந்தது. அதன் மேல் மல்லாந்து கிடந்தான் அவன். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. ஒரு காலைக் காணவில்லை.

அவனை அது கரைவரைக்கும் கொண்டுவந்தது. அவளிடம் கொடுக்க வந்த மாதிரி. நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம்.

ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். கணுக்கால் தண்ணீர். முட்டித் தண்ணீர். காலுக்கடியில் கல் போய் மெத்தென்று வந்தது.

இளையபெருமாளால் பேச முடியவில்லை. தாடை இருந்த இடம் கூழாகியிருந்தது. ஆனால் கையைத் தூக்கினான். உள்ளங்கையை அவள் பக்கம் காட்டி, விரலை வெளியே வெளியே உதறினான். போ. வராதே. போ.

"உன்ன விட்டுட்டு எங்க போவேன்," என்றாள். அழுதாள். அங்கேயே நின்றாள்.

இரண்டு பக்கமும் வெள்ளை எழுந்தது. அவசரமே இல்லை அதற்கு. அவன் முகத்தின் மேல், மார்பின் மேல், கதவு சாத்துகிற மாதிரி மூடிக்கொண்டது. கை மட்டும் வெளியே நின்றது. இன்னும் போ என்றுதான் உதறியது. விளிம்பு மணிக்கட்டில் இறுகியது. முறிந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

கை தொங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே தொங்கியது.

பிறகு உள்ளங்கை கீழே திரும்பியது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. நீண்டன. மடங்கின. வா. வா.

அதற்குப் பக்கத்தில் மருதாணி போட்ட இன்னொரு கை வெளியே வந்தது. அதுவும் அதே தாளத்தில் வா என்றது.