தடம் தின்னும் சுனாகுரி

வெங்காயத்தின் வாலை நறுக்கிக்கொண்டிருந்த நட்சுகோ தற்செயலாகத்தான் நிமிர்ந்து பார்த்தாள். செருப்பு அலமாரியின் மேல் கிடந்த மகள் கஹோவின் கேம் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அது எரியக் கூடாது. இதே விளையாட்டை ஆடுகிற இன்னொருவர் தெருவில் எதிரே கடந்து போனால், இருவர் பையிலும் இருக்கிற பெட்டிகள் தங்களுக்குள் சேதி பரிமாறிக்கொண்டு அந்த விளக்கை ஏற்றிக்கொள்ளும். கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் கஹோ பெட்டியைப் பையில் போட்டு எடுத்துப் போவது அதற்காகத்தான். ஆனால் இன்று மஞ்சள் தூசி வீசுமென்று பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. பெட்டி வாசலைத் தாண்டவில்லை. இந்த வரிசையில் இதுதான் கடைசி வீடு. இதற்கப்பால் ராக்கியோ வெங்காயத் தோட்டம், அப்புறம் மணல் மேடுகள், அப்புறம் கடல். இங்கே யார் எதிரே வரப் போகிறார்கள்?

வெளியே மத்தியான வானம் பழைய தேநீர் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. காலையெல்லாம் கூரையைப் பிராண்டிய காற்று எப்போது ஓய்ந்தது என்றே தெரியவில்லை. சன்னல் இடுக்கு வழியாக இறங்கிய தூசி கூடத்துப் பலகைத் தரையில் மாவு சலித்தது போலப் படிந்திருக்க, வெங்காய நெடிக்கு அடியில் வேறொரு வாடை, வெகுநாள் மூடிக்கிடந்த தகர டப்பாவைத் திறந்தது போல ஒரு வறண்ட வாடை, மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

நறுக்கிய வெங்காய மூட்டைகளை எடுக்க வந்த கிஷிமோதோ வாசலிலேயே நின்றார். அந்தத் தோட்டத்தின் சொந்தக்காரர். வாய் ஓயாத மனிதர்.

"என்ன நட்சுகோ-சான், முற்றத்தைக் கோயில் தோட்டம் மாதிரி பெருக்கி வெச்சிருக்கே? கால் வைக்கவே கூச்சமா இருக்கு."

"நான் இன்னிக்கு வெளக்குமாத்தையே தொடலையே."

"அப்ப காத்துதான் வேலைக்கு வந்திருக்கு. அதையும் ரெண்டு மூட்டை நறுக்கித் தரச் சொல்லு."

சிரித்தபடியே ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். மறுமூட்டைக்கு வரவில்லை. நட்சுகோ கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து பார்த்தாள். பாதை வளைவில் அவருடைய லாரி உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவு ஆவென்று திறந்திருந்தது. மூட்டை நடுமுற்றத்தில் கிடந்தது. அவரைக் காணோம்.

ஒதுங்கப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டாள். கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. அப்புறம்தான் முற்றத்து மணலைப் பார்த்தாள். வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. இலைகூட அசையவில்லை, காற்று அழித்தது என்று சொல்ல. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அம்மா." பின்னால் கஹோ. வெறுங்காலோடு தூசித் தரையில் நின்றாள், எப்போது எடுத்தாளோ, கையில் பெட்டி. "எதிர்ல வந்தவங்க பேரு போட்டிருக்கு. வழுக்கை ராஜா."



அந்தப் பேர் உலகத்தில் ஒருவருக்குத்தான். அப்பா கொய்ச்சியின் மண்டையைத் தடவித் தடவி ஆறு வயதுக் கஹோ வைத்த பேர். கொய்ச்சி சிரித்துக்கொண்டே தன் பெட்டியில் அதையே பதிந்துகொண்டான். இதே போல ஒரு மஞ்சள் தூசி நாளில், மணல் மேட்டில் மட்டும், தூசி வீசும்போது மட்டும் அகப்படும் பாம்பு ஒன்று விளையாட்டில் வந்திருக்கிறது, மகளுக்குப் பிடித்து வருகிறேன் என்று பெட்டியோடு கிளம்பியவன்தான். தேடப் போனவர்கள் அவன் காலடித் தடத்தை மணற்சரிவின் பாதிவரை பார்த்தார்கள். அங்கே அது நின்றுவிட்டது. திரும்பிய தடம் இல்லை. விழுந்த குழி இல்லை. கஹோவுக்கு இப்போது ஒன்பது வயது. அப்பா வழி தவறிவிட்டார் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா அதைப் பிடிச்சிட்டாரும்மா. பாரேன்."

திரையில் ஒரு குட்டி வழுக்கை மனிதன் கையாட்டிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றிச் சுருண்டு, கழுத்து மட்டும் பை போலப் பருத்த ஒரு மணல்நிறப் பாம்பு. கஹோ எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று வாசித்தாள். "சுனாகுரி. பாலைவனச் செல்லம்! வழி தவறினவங்களோட காலடித் தடத்தை விழுங்கும். விழுங்கின தடத்தை வெச்சு அவங்க வீட்டைக் கண்டுபிடிக்கும். காலைத் தூக்கின பிறகுதான் அந்தத் தடத்தைத் தின்னும். தடம் தீர்ந்துபோனா, ஆளை!"

வாசித்து முடித்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் நட்சுகோவால் தாங்க முடியவில்லை.

"அப்ப அது அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வருதும்மா!"

கதவுக்கு வெளியே ஏதோ உராய்ந்தது. அரிசி மூட்டையை இழுப்பது போல. நீளமாக. படிவரை வந்து நின்றது.

"வந்துட்டேன்."

கொய்ச்சியின் குரல். வார்த்தையின் கடைசியைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லும் அதே குரல்.

வீட்டுக்குத் திரும்புகிறவர் வாசலில் 'வந்துட்டேன்' என்பதும் உள்ளே இருப்பவர் 'வாங்க வாங்க' என்பதும் எந்த வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கொய்ச்சி மட்டும் அதில் பிடிவாதக்காரன். பதில் வராமல் படியேற மாட்டான். அடுப்பில் மீன் கருகினாலும் சரி, அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொல்லும்வரை வாசலிலேயே நின்று கத்திக்கொண்டிருப்பான். அவளுக்கு அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். அவன் போனபிறகு, அந்த எரிச்சலுக்காக எத்தனை நாள் அழுதிருக்கிறாள்.

கஹோ வாயைத் திறந்தாள். நட்சுகோ பாய்ந்து மகளை இழுத்து மார்போடு சேர்த்து, வெங்காய நெடி அடிக்கும் கையால் வாயைப் பொத்தினாள். குழந்தை திமிறினாள். கண்கள் கெஞ்சின.

"வந்துட்டேன்."

லாரியின் உறுமல் நின்றுவிட்டது. அந்த வறண்ட வாடை மட்டும். கதவிடுக்கில் மணல் பொலபொலவென்று உள்ளே உதிர்ந்தது. பதில் சொல்லாவிட்டால் உள்ளே வராது. அவன் வழக்கத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. பதில் சொல்லாதே. சொல்லாதே.

"வந்துட்டேன்மா. யாரும் இல்லியா?"

எவ்வளவு களைப்பாகக் கேட்டது அந்தக் குரல். வெகுதூரம் நடந்து வந்தவன் குரல். எத்தனை சாயங்காலம் இந்த ஒரு சொல்லுக்காக அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கஹோவின் வாயை இன்னும் இறுகப் பொத்தினாள்.

"வாங்க வாங்க" என்றாள் நட்சுகோ.

மகளின் வாயைத்தான் பொத்தியிருந்தாள்.

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. கஹோவின் கையிலிருந்த பெட்டியில் பச்சை விளக்கு ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தது.

யாரோ கடந்து போயிருந்தார்கள்.

கூடம் வெறுமையாக இருந்தது. தூசித் தரையில் அவர்கள் இருவரின் தடங்கள். சமையலறையிலிருந்து கஹோ நடந்து வந்தவை, சின்னச் சின்ன விரல்களோடு. கதவடியிலிருந்து நட்சுகோ பாய்ந்து வந்தவை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சமையலறை வாசலில் இருந்த தடம் மூடிக்கொண்டது. சத்தமே இல்லை. அதற்கடுத்தது. அதற்கடுத்தது. கதவடித் தடம். அதற்கு இப்புறத்தது. இரண்டு பக்கமிருந்தும்.

அவர்கள் நிற்கிற இடம்வரை வந்து நின்றது.

தரை முழுக்க வழவழவென்று கிடந்தது. பாதங்களுக்கு அடியில் மட்டும் மீதி.

வாயைப் பொத்திய கை தளர்ந்தது. கஹோ அழவில்லை. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தரையிலிருந்து கண்ணெடுக்காமல், காதில் விழுமோ விழாதோ என்கிற குரலில் சொன்னாள்:

"காலைத் தூக்காதம்மா."

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நட்சுகோவின் கால்கள் மரத்துப்போயின. குதிகாலின் ஓரத்தில், நனைந்த நூல் போல ஏதோ ஒன்று, பொறுமையாக, தொட்டுத் தொட்டுப் பார்த்தது.