பத்தாம் நம்பர் ஸ்பேனர்

அவள் கேட்பதற்கு முன்பே பத்தாம் நம்பர் ஸ்பேனர் கைக்கு வந்துவிட்டது.

எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கும் படகின் அடிப்பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதற்குள் தோள்வரை கையை நுழைத்து, அண்ணனுக்குத் தட்டிச் சொல்ல விரலை மடக்கும்போதே சில்லென்று இரும்பு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. வெளியே இழுத்து விளக்கில் பார்த்தாள். பத்தேதான். டீசல் ஃபில்டர் தலையில் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்த அதுதான் வேண்டும். பரவாயில்லையே, இன்றைக்கு அண்ணன் ஐயாவுக்கு மூளை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஊரில் ஒரு டாக்டரின் உல்லாசப் படகு அது. வருஷத்தில் நாலைந்து தடவை குடும்பத்தோடு கடலுக்குப் போய்வருவார். மற்ற நாளெல்லாம் துறையில் கட்டிக் கிடக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கரையேற்றி, தகரக் கொட்டகைக்குள் மரக்கட்டைகளின்மேல் நிறுத்தி, எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றி, ஃபில்டர் மாற்றி, எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்தண்ணீர் பம்பைப் பிரித்துப் பார்த்து மறுபடி இறக்கவேண்டும். மறுநாள் காலை கிரேன் வருவதாக இருந்தது. அப்பா இறந்த பிறகு அண்ணனும் அவளும் தனியாக ஒப்புக்கொண்ட முதல் படகு.

அவளுக்குப் பதினேழு வயது. வாஷர் என்று கூப்பிடுவான் அண்ணன். சின்ன வயதில் எந்தச் சந்துக்குள்ளும் நுழைந்து விழுந்த வாஷரை எடுத்து வருவாள் என்பதால் வந்த பேர். இன்றும் அந்தச் சந்துவேலைதான். படகுக்குள் இருந்த கூடத்தின் தரைப்பலகையைத் திறந்து அவள் எஞ்சினின் இடதுபக்கம் இறங்கியிருந்தாள். அண்ணன் பின்தளத்துக் கதவு வழியாக வலதுபக்கம் ஊர்ந்து போயிருந்தான். நடுவே படுத்திருந்த எருமை மாதிரி எஞ்சின். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. டூல்பாக்ஸ் ஒன்றே ஒன்று, அது அண்ணன் பக்கம். வேண்டியதை அடியில் இருக்கும் அந்த இடைவெளி வழியாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாய் திறந்து கேட்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. எஞ்சின்களின் பக்கத்திலேயே நின்று நின்று அப்பாவுக்குக் காது போய்விட்டிருந்தது. அதனால் அதிர்வு அவர் கைக்குத் தெரியும்படி பலகையில் ஒரு தட்டு என்றால் ஸ்பேனர், நகத்தால் கீறினால் ஸ்க்ரூடிரைவர், உள்ளங்கையால் தேய்த்தால் துணி. எந்த அளவு என்பதை நடக்கும் வேலையே சொல்லிவிடும். அப்பாவுக்குத் தெரியாமல் பிள்ளைகள் சேர்த்துக்கொண்டதும் ஒன்று உண்டு. வேகமாக மூன்று தட்டு, லூசு என்று அர்த்தம். வாங்கியவன் பதிலுக்குக் கிள்ளுவான்.

மழை கொட்டகையின் தகரத்தில் கல்லைக் கொட்டுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. பகல்தான், ஆனால் மேலே திறந்திருந்த பலகை வழியாக வந்த வெளிச்சம் அழுக்குத் துணியைப் பிழிந்த தண்ணீர் மாதிரி சாம்பலாக இருந்தது. காலையில் குழாய்த்தண்ணீரைக் கொடுத்து எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓட்டிச் சூடாக்கி, பழைய எண்ணெயைக் கைப்பம்பால் உறிஞ்சி எடுத்திருந்தாள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக் கையாலேயே முறுக்கியாயிற்று. இப்போது டீசல் பக்கம். காற்றுத் திருகைத் தளர்த்தி, சின்னப் பம்பைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி, குமிழியெல்லாம் நுரைத்து வெளியேறி, கடைசியில் தெளிவாக டீசல் வழியும்வரை காத்திருந்து திருகை மூடினாள். பலகையில் தேய்த்தாள். துணி வந்தது.

துணி நனைந்திருந்தது.

முகத்தருகே கொண்டுபோனதும் ஒரு வாடை. டீசல் இல்லை, எண்ணெய் இல்லை, படகின் அடிவயிற்றில் எப்போதும் தேங்கியிருக்கும் தண்ணீரின் புளித்த நாற்றமும் இல்லை. வெகுநாளாக மூடியே கிடந்த குழாயைக் கழற்றினால் உள்ளேயிருந்து ஒரு பழைய கடல் மூச்சுவிடுமே, அந்த வாடை. அண்ணன் பம்பைப் பிரித்துக்கொண்டிருப்பான், அந்தத் தண்ணீர்தான் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

பயப்படுகிறாள் என்று அவனுக்குத் தெரியக்கூடாது. போனவாரம் இன்னொரு படகில் ஒரு எலி காலில் ஏறியதற்கு அவள் போட்ட கூச்சலில் துறையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு ராத்திரி, இந்த வேலை அவளுக்கு ஒத்துவராது, இன்னொருதடவை இப்படி நடந்தால் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன், அங்கே இருந்து ஒழுங்காகப் படி என்று அண்ணன் சிரிக்காமல் சொன்னான். அம்மா முகமே நினைவில்லாத அவளுக்கு, அப்பாவும் போன பிறகு, வீடு என்று மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான். சித்தப்பா வீடு நல்ல வீடு. ஆனால் அங்கே தட்டினால் யாருக்குப் புரியும்?

ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தாள். மறுபக்கம் வாங்கிக்கொண்டபோது விரல்கள் விரல்களில் பட்டன. கொஞ்சம் அதிகநேரம் பட்டிருந்தன. அண்ணன் விளையாடுகிறான். பலகையில் வேகமாக மூன்று தட்டு தட்டிவிட்டுக் கிள்ளுக்குத் தயாராகக் கையை அங்கேயே வைத்திருந்தாள்.

கிள்ளவில்லை.

கொஞ்சநேரம் மழைச்சத்தம் மட்டும். பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு. நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று. இன்னொன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைபோல. அதோடு நிற்கவில்லை. நகத்தால் ஒரு கீறல் கேட்டது. உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. ஒரு தட்டு. காலையிலிருந்து அவள் கேட்டதையெல்லாம் அது வரிசையாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் நெஞ்சு அப்பா என்றது. இந்தத் தட்டுகள் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர், அதில் ஒருவர் போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்த நினைப்பில்தான் கையை இழுக்காமல் இருந்தாள். அந்த நினைப்பில்தான் விரல்களை இன்னும் கொஞ்சம் நீட்டி, மறுபக்கத்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள்.

அப்பாவின் கை காய்ப்பேறிய கை. இது மெத்தென்று இருந்தது. ஒருநாளும் வேலை செய்யாத கை. குளிர்ந்திருந்தது. அவள் விரல் நகர்ந்தபோது அந்தத் தோலும் கூடவே நகர்ந்தது, உள்ளே இருந்த எலும்போடு ஒட்டாமல், தளர்ந்த உறைபோல.

கையை இழுத்துக்கொண்டாள். இழுக்க விட்டது.

கையுறை, என்றாள் தனக்குத்தானே. ரப்பர் கையுறை போட்டிருப்பான். லூசு.

அப்போது அவள் தலைக்குமேல் கூடத்தில் ஈரச்செருப்பின் சத்தம் கேட்டது. திறந்திருந்த பலகையின் சதுரத்தில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கையில் ஒரு காகிதப் பையோடு, அண்ணன்.

கடைக்காரன் கடையைத் திறந்து போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான், ஒரு கேஸ்கெட்டுக்காக இவ்வளவுநேரம் நிற்கவேண்டியதாகிவிட்டது என்று சலித்துக்கொண்டான். டீசல் வேலை முடிந்ததா என்று கேட்டான்.

"நீ எப்ப போன?" என்றாள்.

"நீ ஆயில் உறிஞ்சிட்டிருந்தியே, அப்பவே. சொல்லிட்டுத்தானே போனேன். பம்பு மூடியோட கேஸ்கெட் கிழிஞ்சுபோச்சுன்னு கத்தினேனே, கேக்கலையா?"

மழையிலும் கைப்பம்பின் சத்தத்திலும் கேட்டிருக்காது. அவள் எஞ்சினின் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். இரும்பு மட்டும்தான் தெரிந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிற? மறுபடியும் எலியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் சித்தப்பா வீட்டுக்கு ஒரு பெட்டி தயாராக இருப்பதை அவள் பார்த்தாள். இல்லை, டீசல் வாடை தலைக்கேறிவிட்டது என்றாள். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்று சும்மா கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தாள். காலையில் கிரேன்காரன் வந்து நின்றால் அவனிடம் நீயே பேசிக்கொள் என்று சொல்லிவிட்டு அவன் பின்தளத்துக்கு நடந்தான். பம்பு வேலை கொஞ்சநேரத்து வேலைதான். கடல்தண்ணீரை உள்ளே இழுக்கும் ரப்பர்ச் சக்கரத்தை மாற்றி, கேஸ்கெட்டை ஒட்டி, மூடியை முறுக்கவேண்டும். அவ்வளவுதான்.

அவன் உள்ளே வருவதற்குள் அவள் தரையோடு கன்னத்தை வைத்து, விளக்கை இடைவெளிக்குள் நீட்டி அந்தப் பக்கம் பார்த்தாள். டூல்பாக்ஸ் தெரிந்தது. பிரித்துப்போட்ட பம்பின் மூடி தெரிந்தது. யாரும் இல்லை. ஒரு ஆள் ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. எஞ்சினுக்கு அடியில் தேங்கியிருந்த கறுப்புத்தண்ணீர் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. படகு ஆடவில்லை. தரையில் மரக்கட்டைமேல் நின்ற படகு.

தண்ணீரின் ஆட்டம் அடங்கும்வரை பார்த்தாள். அடங்கியது. ஒன்றுமில்லை. டீசல் வாடை தலைக்கேறினால் என்னவெல்லாமோ தோன்றும், அப்பாவே சொல்லியிருக்கிறார். சொல்லிவிடலாமா? என்னவென்று சொல்வது? எஞ்சினுக்கு அடியில் ஒரு கை எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது என்றா?

பின்கதவு உரசித் திறந்தது. அண்ணன் முக்கி முனகிக்கொண்டு கால்பக்கமாக உள்ளே வழுக்கி இறங்கும் சத்தம். அந்தப் பக்கம் போவதும் கஷ்டம், வருவதும் கஷ்டம். மல்லாந்து படுத்துக்கொண்டு, முழங்கையால் உந்தி உந்தி, கொஞ்சம் கொஞ்சமாக.

அவன் வந்து சேர்ந்ததும் குரல் கேட்டது.

"அடடே, வாஷர். டூல்ஸையெல்லாம் சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் அழகா அடுக்கி வச்சிருக்க. பொறுப்பு வந்துடுச்சுடி உனக்கு."

அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"அண்ணா," என்றாள்.

மழை.

"அண்ணா, வெளிய வா."

"என்னது?"

"வெளிய வா. நான் அடுக்கல."

அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. ரப்பர்ச் சக்கரம் குழிக்குள் வழுக்கி உட்காரும் சத்தம் வந்தது. மூடியை வைக்கிறான். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் ஏற்றுகிறான். அவன் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது. அந்த வாடை திரும்ப வந்தது. முதலில் மெல்லியதாக. பிறகு தொண்டையில் உப்புக் கரிக்கும் அளவுக்கு.

"அண்ணா." இந்தத் தடவை கத்தினாள். எலியைப் பார்த்துக் கத்தியதைவிடப் பெரிதாக. சித்தப்பா வீட்டுக்கு அனுப்பட்டும். எங்கே வேண்டுமானாலும் அனுப்பட்டும். "எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வா. இப்பவே வா."

"வரேன்டி, வரேன். இன்னும் ரெண்டு போல்ட். கையெல்லாம் வழுக்குது, துணி குடு."

பலகையில் தேய்த்தான். துணி அவள் மடியில்தான் இருந்தது. ஒரு கையில் விளக்கைப் பிடித்தபடி, இன்னொரு கையால் துணியை எடுத்தாள். எடுத்துக் கொடுத்துவிட்டால் முடித்துவிட்டு வந்துவிடுவான். சீக்கிரம் கொடுக்கவேண்டும். சீக்கிரம்.

இடைவெளி வழியாக அவன் கை வந்தது. அண்ணனின் கைதான். கட்டைவிரலில் கறுத்துப்போன நகம், மணிக்கட்டில் பழைய வாட்ச். உள்ளங்கையை விரித்துத் துணிக்காகக் காத்திருந்தது.

அவள் குனிந்தாள்.

அந்தக் கை பாதிவழியில் மூடிக்கொண்டது. எதையோ பிடித்ததுபோல. அல்லது எதுவோ பிடித்ததுபோல.

அந்தப் பக்கம் அண்ணன் சிரித்தான்.

"சரி சரி, நீ ஜெயிச்சுட்ட. கைய விடு, வரேன்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். ஒன்றில் விளக்கு. ஒன்றில் துணி.

"ஏய் வாஷர். வலிக்குதுடி. விடு."

விளக்கைத் தாழ்த்தினாள். எஞ்சினுக்கு அடியில் நாலு விரல் ஆழத்துக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அதற்குக் கீழே படகின் பலகை. அதற்குக் கீழே கொட்டகையின் காய்ந்த தரை. அந்த நாலு விரல் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை முழங்கைவரை சாய்ந்து எழும்பி, வெளுத்து ஊறிய விரல்களை அண்ணனின் விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தது.