எங்க வீட்டுக் கயிறு

போலாரத்தில் மஹதியின் தெருமுனையில் ஒரு பூங்கா இருந்தது. எங்கே வேண்டும், என்ன வேண்டும் என்று தெருவில் யாரையும் கேட்காமலே சர்க்கார் கட்டிவிட்டுப் போன பூங்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் ஆட்டோ டிராலியில் வந்து ஊஞ்சலைச் சங்கிலியோடு கழற்றினார்கள். மஹதி எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக் கத்தினாள். அங்கே ராமசுவாமி அங்கிள் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ஊஞ்சலைத் திருடறாங்க!"

"அது சர்க்காரோடதும்மா. நமக்கெதுக்கு வம்பு?"

மற்ற மாடிகளிலும் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. மஹதிக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

மறுவாரம் சறுக்குமரமும் போயிற்று. பிறகு பூங்காவுக்குள் குப்பைப் பைகள் வந்து விழ ஆரம்பித்தன.

"நாமே ஒரு ஊஞ்சல் கட்டலாம்" என்றாள் மஹதி.

"கைக்கு? எதுக்குக் கட்டணும்? அதையும் தூக்கிட்டுப் போவாங்க" என்றான் பக்கத்து வீட்டு தீபக். "கட்டித்தான் ஆகணும்னா, எல்லாத்தையும் எங்கப்பாவே வாங்கித் தருவார்."

"நக்கோ, அது வேணாம். எல்லார் வீட்டுப் பொருளும் அதுல இருக்கணும்."

வீடு வீடாகப் போனாள். ஷோபா ஆண்ட்டி மிச்சமிருந்த நீலப் பெயிண்ட் தந்தார். பஞ்சர் கடை கிருஷ்ணா அண்ணா பழைய டயர் தந்தார். ராமசுவாமி அங்கிள், தொல்லை விட்டால் போதும் என்று ஒரு நைலான் கயிற்றை மாடியிலிருந்து வீசினார்.

நீல டயர் வேப்பமரத்தில் ஆடியது. பெயிண்ட் காய்வதற்குள் ஏறி உட்கார்ந்த தீபக்கின் டிரவுசரும் நீலமாயிற்று.

அடுத்த மாதம் அதே டிராலி வந்தது. ஒருவன் கயிற்றில் கத்தியை வைத்தான்.

"ஏய்! யாருடா அது? எங்க வீட்டுக் கயிறுடா!"

ராமசுவாமி அங்கிள் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். பின்னாலேயே, "என் பெயிண்ட்!" என்று கரண்டியும் கையுமாக ஷோபா ஆண்ட்டி. டிராலி ஓட்டமெடுத்தது.

அங்கிள் மூச்சு வாங்கச் சிரித்தார். "பார்த்தியாம்மா, விரட்டிட்டோம்!"

மஹதி சிரிக்கவில்லை.

"அன்னைக்கும் இறங்கி வந்திருக்கலாமே, அங்கிள்?"

அவர் செருப்பில்லாத காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஷோபா ஆண்ட்டி கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மஹதி வீட்டிலிருந்து துடைப்பத்தை எடுத்துவந்து குப்பையைக் கூட்ட ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் அங்கிளும் குனிந்து ஒரு பையைப் பொறுக்கினார். அப்புறம் இன்னொன்று.

மஹதி சிரிக்காமலே துடைப்பத்தை அவரிடம் நீட்டினாள்.