நெஞ்சில் போட்ட எல்லை

பாய் காய்ந்திருந்தது; தலையணை மட்டும் நனைந்து, கடல் மணத்தது. அமிர்தகழியில் வீட்டுக்குள் வருவது வாவிச் சேற்று மணம்தான். இது வாகரைக் கடல் என்பது அன்னப்பூரணிக்கு உடனே தெரிந்தது. சுனாமி மகனைக் கொண்டுபோன பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

பாயில் கிடந்த புருசன் வினாயகமூர்த்தி இருமினார். சுவாசப்பையில் புற்றுநோய். கொழும்பில் மருந்து ஏற்றி, கூடவே கரண்ட் என்கிற கதிர்ச் சிகிச்சையும் பிடிக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கட்டி கரையுமாம். லீவில் வந்தவரின் நெஞ்சில் ஊதா மையில் கோடுகள். கரண்ட் விழும் இடம் அது, தண்ணி படக்கூடாது, அழிந்தால் இடம் தவறிவிடும் என்று தாதி சொல்லி அனுப்பியிருந்தாள்.

"காணி அளக்கிற மாதிரி எனக்கும் எல்லை போட்டுட்டானுகள் புள்ள," என்றார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

கோடுகளுக்குள் தோல் கருகிச் சிவந்து, முடி கொட்டி, வாய் புண்ணாகி, உடம்பு அனலாய்க் கொதிப்பதைப் பார்க்கப் பார்க்க, இது அம்மாள் சூடுதான் என்று அவளுக்குப் பட்டது. வைகாசி மாதம். சண்டை முடிந்ததென்று ரேடியோ சொன்ன கிழமை. கண்ணகை அம்மன் கோயிலில் அம்மாளின் சூட்டைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு. மஞ்சளும் வேப்பிலையும் கலந்த குளிர்த்தித் தண்ணியை வாங்கிவந்து, அவர் அயர்ந்த நேரம் நெஞ்சில் ஊற்றித் துடைத்தாள். ஆஸ்பத்திரி சொன்னது கிணற்றுத் தண்ணியை. அம்மாள் தண்ணி அதில் சேராது. மை கரைந்து சட்டியில் ஊதாவாய்த் தேங்கியது.

விளக்கு வைக்க வந்தபோது சட்டி காலியாய் இருந்தது. சட்டியிலிருந்து பாய்வரை ஈரத் தடங்கள். ஊதா. சின்னப் பாதங்கள்.

"மெல்ல மனே," என்றார் அவர், கண் திறக்காமல். "அப்பா எங்கயும் போகமாட்டன்."

அலை வந்த அன்று ஆறு வயதுச் சிவதர்ஷன் அந்த நெஞ்சைத்தான் கட்டிப்பிடித்திருந்தான். அலைதான் பிய்த்தெடுத்தது.

விளக்கைக் கிட்டக் கொண்டுபோனாள். கோடு இருந்த இடத்தில் ஊதாவாய் ஒரு சின்னக் கை. விரல் பதிந்த இடமெல்லாம் பள்ளம்.

மூச்சை இழுத்தார். நெஞ்சு எழும்பவில்லை. பள்ளம் ஆழமானது.

அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும். தெரியும். மனம் வரவில்லை.

அதன்மேல் தன் கையை வைத்தாள். ஈரம். குளிர்.

சின்ன விரல்கள் மெல்ல விரிந்து, அவள் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டன.