பின்சீட்டுக்கு ஒரு தட்டு

அவினாசி ரோட்டில் அந்த டிரைவ்-இன் ஓட்டல் எழுபதுகளில் திறந்தபோது எப்படி இருந்ததோ, தொண்ணூற்றாறிலும் அப்படியேதான் இருந்தது. வேப்பமரத்தடியில் கார்கள், ஸ்பீக்கரில் பழைய பாட்டு. கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கினால் போதும், சிப்பந்தி வந்து அதன் விளிம்பில் தகரத் தட்டை மாட்டிவிட்டுப் போவார். இறங்காமலே சாப்பிடலாம். கல்யாணமான புதிதில் பாலகோபாலும் மனைவி ராமாமணியும் ஸ்கூட்டரில் வந்து, கார்க்காரர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட இடம்.

இப்போது பாலகோபாலிடம் கார் இருந்தது. ராமாமணி இல்லை.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் மகள் ஹர்ஷிணியை முன்சீட்டில் உட்காரவைத்து அழைத்து வந்திருந்தார். அம்மா போன நாளிலிருந்து அவள் சோற்றைக் கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறாள். கன்னம் ஒட்டிப்போய், நடக்கும்போது கால் தள்ளாடியது. இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரணம் டாக்டருக்குத் தெரியாது. பாலகோபாலுக்குத் தெரியும்.

ராமாமணி ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த அன்று கட்லெட் வேண்டும் என்று கேட்டது ஹர்ஷிணிதான். "இதோ வாரேன் அம்மணி" என்று ராமாமணியிடம் சொல்லிவிட்டு இங்கே வந்தார். வந்த இடத்தில் மோட்டார் டீலர் பங்காரு அகப்பட்டார். சிரிப்பு, காபி, இன்னொரு காபி. திரும்பிப் போனபோது ராமாமணியின் முகத்தை மூடியிருந்தார்கள்.

"கட்லெட்டுக்கு ஒரே கூட்டம், அதான் லேட்டாயிருச்சு" என்றார். வாய் கூசாமல் சொன்ன பொய். பழி முழுக்கப் பிள்ளைமேல் விழுந்தது. "நான் கேக்காம இருந்திருந்தா நீங்க அம்மாகிட்டயே இருந்திருப்பீங்க" என்று அவள் கதறியபோதும் பெரிய மனிதர் வாயைத் திறக்கவில்லை.

அது போதாதென்று மயானத்தில் வேறு ஒரு பிசகு. இழவுக் காரியத்தில் யாரும் 'வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பழக்க தோஷம், கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போது, "வாரேன் அம்மணி" என்றுவிட்டார். கூட நின்ற பங்காளிகள் வெலவெலத்துப் போனார்கள்.

இப்போது காரில் இருந்தபடியே இரண்டு கட்லெட் சொன்னார். சிப்பந்தி மாசாணம் முன்பக்கம் இரண்டு தட்டுகளை மாட்டினார். பிறகு பின்பக்கம் ஒரு வெறுந்தட்டு.

"ஏனுங்க, பின்னால எதுக்குங்க?"

"கண்ணாடி எறங்குச்சுங்களே சார். அதான் மாட்டிப்போட்டேனுங்க."

பாலகோபால் திரும்பிப் பார்த்தார். சீட்டு காலி. கண்ணாடியை இறக்கும் கைப்பிடி மட்டும் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நின்றது.

டெட்டால் வாடை வந்தது. அதோடு வாடிய மரிக்கொழுந்து வாசனை.

சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார். பிடரியில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

"வாரேன்னீங்களே..."

ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். ஹர்ஷிணி தட்டைத் தொடாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். வேப்பமரத்து விளக்கு வெளிச்சத்தில் அவள் மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. தன் பாடு எப்படியோ போகட்டும், பிள்ளை பிழைக்க வேண்டும் என்று தோன்றியது.

"கண்ணு... அன்னைக்கு இங்க கூட்டமே இல்லை. நான்தான் பங்காருகூடப் பேசிட்டு உக்காந்துபோட்டேன். உம்மேல ஒரு தப்பும் இல்லை."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்து அழுதார். வெட்கமாக இருந்தது. பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

"தெரியுமுங்க நைனா" என்றாள் ஹர்ஷிணி.

"யாரு சொன்னா?"

"அம்மா. நீங்களாச் சொல்ற வரைக்கும் சாப்பிட வேண்டாம்னு இருந்தோம்."

இருந்தோம்.

அவள் கட்லெட்டைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள். எத்தனையோ நாளுக்கப்புறம் மகள் சாப்பிடுவதைப் பார்த்து அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அடுத்த துண்டை அவள் தின்னவில்லை. திரும்பிப் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் நீட்டினாள்.

கை வெறுமையாகத் திரும்பியது. விரல்களில் எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை.

"நைனா, இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள் ஹர்ஷிணி, குரலைத் தாழ்த்தி. "அம்மாவுக்குப் பசி அடங்கலையாமுங்க."